நான்கு விரல் வயர்

உத்திரமேரூர்,
3 ஜூன் 2025

அன்புள்ள தங்கை சுகிர்தாவுக்கு,

பெஞ்சமின் அண்ணன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அண்ணி பிரிஸ்கில்லாவும் குழந்தையும் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் தெரியும், போனில் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. தானியேல் என்று அப்பா பெயரையே வைத்தோம். அவனுக்கு இருப்பது ஒரே அத்தை. அந்த அத்தை, கேமராவுக்கு ஏதோ சோதனை என்று வெள்ளிக்கிழமை ஒரு வரி மெசேஜ் போட்டுவிட்டுப் பெங்களூரிலேயே உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் சிட்டம்மாள் பெரியம்மாதான் குழந்தையை ஏந்தி நின்றார். அவருக்குக் கை நடுங்கும். போதகர் தெளித்த தண்ணீரில் பாதி பெரியம்மாவுக்கே போயிற்று. எழுபது வயதில் அவருக்கு இரண்டாம் ஞானஸ்நானம்.

எனக்குக் கோபம் வந்து, "இனிமே அவகூட போன்ல பேசவே மாட்டேன்" என்று சபையார் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். கடிதம் எழுத மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நானும் கேமராக்காரன்தான். ஒன்பது வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் எடுக்கிறேன். அண்ணன் பிள்ளையின் காரியத்தை விடும் அளவுக்கு ஒரு கேமராவில் அப்படி என்ன இருக்கிறது என்று விவரமாக எழுது.

கோபம் ஆறாத அண்ணன்,
பெஞ்சமின்

பெங்களூரு,
11 ஜூன் 2025

அன்பும் கோபமும் நிறைந்த அண்ணனுக்கு,

தங்கையின் தோத்திரம். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். தானியேல் படத்தை அண்ணி அனுப்பியிருந்தார். அப்பாவின் காது அப்படியே இருக்கிறது. நான் வராதது தப்புதான், வேறு சமாதானம் சொல்லப்போவதில்லை.

கேட்டாய், சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் ஒரு சின்னச் செயற்கைக்கோள் செய்கிறோம். வயலில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று மேலிருந்தே அளக்கும். அளக்கிற கருவி ஒரு நீளமான கையின் நுனியில் இருக்கிறது. ராக்கெட்டில் போகும்போது அந்தக் கை மடங்கியிருக்கும், மேலே போனதும் விரியும். விரியாவிட்டால் அத்தனை பேர் மூன்று வருஷம் உழைத்ததும் வீண். கை விரிகிற அந்த நாற்பது விநாடியைப் படம் பிடிக்க ஒரு கேமரா வைக்கிறோம். சோப்பு டப்பா அளவுதான். அதைப் பொருத்துவதும், வயர் கட்டுவதும், வருகிற படத்தை முதலில் பார்ப்பதும் என் பொறுப்பு. பாலிடெக்னிக் படித்துவிட்டு வந்தவளுக்கு இதைக் கொடுத்திருக்கிறார்கள், அண்ணா. எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

ராக்கெட் குலுக்குகிற மாதிரி குலுக்கிப் பார்க்கும் சோதனைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் இடம் கிடைத்தது. அதில் கேமரா தோற்றுவிட்டது. குலுக்கலில் வயர் இழுத்து, சொருகின இடம் விட்டுப்போய்ப் படம் நின்றுவிட்டது. நீ ஸ்டாண்டுக்கு வயர் எப்படிக் கட்டுவாய்? லீவில் உனக்கு லைட் பிடித்தபோது பார்த்திருக்கிறேன், சரியாக நினைவில்லை.

அண்ணிக்கும் பெரியம்மாவுக்கும் என் அன்பு. தானியேலுக்கு என் முத்தம்.

சுகி

உத்திரமேரூர்,
24 ஜூன் 2025

செல்லத் தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம். மழை இல்லை, ஏரியில் பாதித் தண்ணீர்தான். உனக்குத் தூக்கம் வர வேண்டும் என்று அண்ணி ஜெபிக்கிறாள். எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது, ஜெபம் வேண்டாம்.

சோப்பு டப்பா படித்தேன். அதற்காக என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே, கொஞ்சம் குறைந்திருக்கிறது.

வயர் விஷயம் கேட்டாயே, இது என் ஏரியா. வயரை எப்போதும் விறைப்பாக இழுத்துக் கட்டக் கூடாது. கேமரா பக்கம் நான்கு விரல் அளவுக்குத் தளர்வு விட்டுத்தான் முடிச்சுப் போட வேண்டும். கல்யாணத்தில் யாராவது வயரை மிதித்து இழுத்தால் அந்தத் தளர்வுதான் முதலில் நீளும், கேமரா அசையாது. இந்தத் தொழிலுக்கு வந்த நாள் முதல் அப்படித்தான் கட்டுகிறேன். வயரால் எனக்கு இதுவரை ஒரு தகராறும் வந்ததில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். கல்யாண வீடியோவை முதல் மாசம் சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள். பிறகு அது பீரோவுக்குள் போய்விடும். மறுபடி எப்போது எடுப்பார்கள் தெரியுமா? தகராறு வந்தால். யார் முதலில் மேடை ஏறினார், யாரைப் பந்தியில் உட்கார வைக்கவில்லை என்று பார்க்க என்னிடம் வந்து இன்னொரு காப்பி கேட்பார்கள். உன் படமும் அப்படித்தான் இருக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் கை தட்டிவிட்டு மறந்துவிடுவார்கள்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

பெஞ்சமின்

பெங்களூரு,
20 ஆகஸ்டு 2025

அன்பு அண்ணா,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இரண்டு கிலோ இளைத்திருக்கிறேன், அண்ணியிடம் சொல்லாதே. இரண்டு மாசமாக எழுதாததற்கு வேலைதான் காரணம்.

உன் நான்கு விரல் வேலை செய்தது! வரைபடத்தில் மூன்று இடத்தில் கட்டச் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது முடிச்சை மட்டும் தள்ளிப் போட்டு, நான்கு விரல் தளர்வு விட்டேன். இரண்டாவது சோதனையில் எவ்வளவு குலுக்கியும் படம் நிற்கவில்லை. அந்தத் தளர்வு கீழே தொங்கிக்கொண்டு, யார் வழிக்கும் வராமல் சமர்த்தாக இருந்தது. பரிசோதகரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கையின் கீலைச் செய்தவன் வசந்த்குமார், திருத்தணிப் பையன், எனக்குப் பக்கத்து மேசை. "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டான். எங்கள் அண்ணன் பெரிய கேமரா நிபுணர் என்றேன். அவன் நம்பிவிட்டான்.

செப்டம்பர் 13 காலை ராக்கெட் கிளம்புகிறது. ஜெபம் செய்யுங்கள்.

உன் சுகி

உத்திரமேரூர்,
15 செப்டம்பர் 2025

பெரிய கேமரா நிபுணரின் தங்கைக்கு,

நிபுணர் நலம், நிபுணரின் மனைவி நலம், மகனுக்கு மட்டும் சளி.

சனிக்கிழமை காலை ஏரிக்கரைக்கே போய் ஜூம் லென்ஸைப் போட்டுக்கொண்டு நின்றேன். அங்கிருந்து புகைக்கோடு தெரியும் என்று யாரோ சொன்னார்கள். நாற்று வேலைக்குப் போன சுப்பன் மாமா நின்று விசாரித்தார். ராக்கெட்டுக்குள் என் தங்கை வீடியோ கேமரா வைத்திருக்கிறாள் என்றேன். "மேல யாருக்கும் கண்ணாலமே இல்லையே, இன்னாத்துக்கு வீடியோ?" என்று கேட்டார். அரை மணி நேரம் மேகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது என்று டிவியில் பார்த்தபோது உன் அண்ணி அழுதுவிட்டாள். நான் அழவில்லை, சளி என்னையும் பிடித்திருக்கிறது. பார்க்கிறவரிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. சபையில் அறிவிப்பே கொடுத்தார்கள். கை விரிகிற படம் வந்ததும் முதல் காப்பி எனக்கு வேண்டும், ஸ்டுடியோ வாசல் டிவியில் போடப்போகிறேன்.

பெருமையோடு,
பெஞ்சமின்

பெங்களூரு,
29 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

24ஆம் தேதி கையை விரிக்கக் கட்டளை கொடுத்தோம். பாதி விரிந்து நின்றுவிட்டது. படம் வந்தது, அதில் ஒன்றும் தெளிவாக இல்லை. கீல் இறுகியிருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள். வசந்த்குமாரைத் தினமும் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். கீலை முழுப் பலத்தோடு இழுத்துப் பார்க்கலாமா என்று யோசனை நடக்கிறது. அப்படி இழுத்தால் கை ஒடிந்துபோகவும் கூடும்.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். கல்யாண வீடியோவில் படத்தின் கீழ் ஓரத்தை மட்டும் கொஞ்சம் வெட்டிவிட்டுக் கொடுத்தால் வீட்டுக்காரர்கள் கவனிப்பார்களா?

டிவியில் போட வேண்டாம்.

சுகிர்தா

உத்திரமேரூர்,
6 அக்டோபர் 2025

அன்பான சுகிக்கு,

அண்ணி பிரிஸ்கில்லா. உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்றுதான் முதலில் கேட்கிறேன். லீவு நாட்களெல்லாம் சேர்ந்து வந்ததில் உன் கடிதம் சனிக்கிழமைதான் கிடைத்தது. படித்ததும் உன் அண்ணன் சபதத்தை மறந்துவிட்டு உனக்கு ஏழு முறை போன் செய்தார். நீ எடுக்கவில்லை. அவர் நேற்று கோயிலுக்கும் வரவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. என்னவென்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார். இதே கவரில் உனக்கு எழுதி ஒட்டிவிட்டாராம். எதுவாக இருந்தாலும் நீ எங்கள் வீட்டுப் பெண். அதை மறக்காதே.

உன் அண்ணி

உத்திரமேரூர்,
6 அக்டோபர் 2025

சுகி,

நீ நலமா என்று கேட்கவில்லை. இல்லை என்று தெரிகிறது.

நீ கேட்டதற்குப் பதில்: கவனிக்க மாட்டார்கள். ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும், நான் வெட்டியிருக்கிறேன்.

பெரியப்பா மகன் ஆல்வின் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது ஹாஸ்டலில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். மாகறலில் பந்தல் போட்டு நடந்தது. நான் வீடியோ எடுத்த மூன்றாவது கல்யாணம் அது. சமையல் ஏகாம்பரம் அண்ணன். பெண் வீட்டார் தென்னேரியிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்து பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் பிரியாணி அண்டாவோடு தடுக்கி விழுந்தார். அத்தனையும் மண்ணில். பெண் வீட்டார் சாப்பிடாமலே பஸ் ஏறினார்கள். ஏகாம்பரம் குடித்துவிட்டுக் கவிழ்த்தார் என்று ஊரே பேசியது. அவர் குடிக்கிறவரே இல்லை. "வயரு காலுல மாட்டிக்கிச்சு, வீடியோல பாருங்க" என்று சொன்னார். பெரியவர்கள் வீடியோவைக் கேட்டார்கள்.

அந்த வயர் என்னுடையது, சுகி. கேமராவுக்கும் லைட்டுக்கும் போன வயர். நான் விட்ட நான்கு விரல் தளர்வுதான் ஆள் நடமாட்டத்தில் நழுவி, பந்தி வழியில் வளையமாகக் கிடந்தது. படத்தில் தெளிவாக இருக்கிறது, வளையம், அவர் கால், எல்லாம். அன்று ராத்திரி அதை வெட்டினேன். வெட்டின இடத்தில் ரோஜாப்பூ கொட்டுகிற மாதிரி ஒரு எஃபெக்ட் போட்டேன். பெரியவர்கள் நாலு முறை போட்டுப் பார்த்தார்கள். அண்டாவைத் தூக்குகிறார், பூ கொட்டுகிறது, மேடையில் மாலை மாற்றுகிறார்கள். ஒருத்தர்கூட என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஏகாம்பரம் அண்ணனை யாரும் சமையலுக்குக் கூப்பிடவில்லை. செங்கல்பட்டில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனார். இப்போது வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார்.

வயரால் ஒரு தகராறும் வந்ததில்லை என்று உனக்கு எழுதினேனே, அது பொய். அன்றே ஒத்துக்கொண்டிருந்தால் அப்படிக் கட்டுவதையே விட்டிருப்பேன், உனக்கும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டேன். உன் படத்தின் கீழ் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. அது நான் விடச் சொன்ன தளர்வு.

நான் வெட்டினேன், ஆனால் அழிக்கவில்லை. ஒன்பது வருஷமாக வைத்திருக்கிறேன். ஸ்டுடியோ மாற்றும்போதெல்லாம் அந்த டிஸ்க்கைத்தான் முதலில் எடுத்து வைப்பேன். அது அங்கே இருக்கிறது என்று தெரிந்தே தினமும் சாப்பிட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருப்பது எப்படி என்று எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. உனக்கு அது பழக வேண்டாம், பாப்பா.

வசந்த்குமாரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

உன் அண்ணன்

பெங்களூரு,
22 அக்டோபர் 2025

என் அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இந்த முறை நிஜமாக.

உன் கடிதம் 9ஆம் தேதி வந்தது. நின்றுகொண்டே படித்தேன். அன்று மதியமே எங்கள் தலைமைப் பொறியாளர் அம்மாவிடம் போய் வெட்டாத படத்தைப் போட்டுக் காட்டினேன். கீழ் ஓரத்தில் என் வயர் வளையமாக எழும்பி, கீலில் மாட்டியிருக்கிறது. தரையில் சமர்த்தாகக் கீழே தொங்கியதே, அதை நம்பித்தான் விட்டேன். அங்கே எதுவும் தொங்காது, அண்ணா. மிதக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம், எனக்கு வயர் கட்டும்போது தோன்றவில்லை. உன் பந்தலில் கட்டுகிற நினைப்பிலேயே கட்டிவிட்டேன். தப்பை உன் மேல் போட மாட்டேன். கட்டிய கை என்னுடையது, வெட்டிய கையும் என்னுடையது.

அவர் கத்தவில்லை. "பதினைந்து நாள் ஏன் சொல்லவில்லை?" என்று ஒரே கேள்வி கேட்டார். பயம் என்றேன். கீலை முழுப் பலத்தோடு இழுக்க மறுநாள் கட்டளை தயாராக இருந்தது. நிறுத்தினார்கள். இழுத்திருந்தால் வயரோடு சேர்த்துக் கையும் போயிருக்கும்.

வயர் குளிரில் விறைத்திருக்கும் என்பதால், அந்தப் பக்கத்தை வெயிலுக்குத் திருப்பி மூன்று நாள் காய வைத்தார்கள். பிறகு செயற்கைக்கோளை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பினார்கள். தொட்டில் ஆட்டுகிற மாதிரிதான், வேறு வழி இல்லை. நாலாவது முறை வளையம் நழுவியது. கை முழுதாக விரிந்ததை என் கேமராவே காட்டியது. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் என் மேசையில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த செயற்கைக்கோளில் நான் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஒரு வருஷம் காகித வேலைதான். அது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. வசந்த்குமாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் இன்னும் பேசவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுகிறான். அதுதான் தாங்க முடியவில்லை.

என்னைப் பேச வைத்துவிட்டு நீ சும்மா இருக்கலாமா? ஏகாம்பரம் அண்ணன் வீடு உனக்கு வண்டியில் அரை மணி தூரம்.

உன் மேல் கோபமும் இருக்கிறது, அன்பும் அதற்குக் குறையாமல் இருக்கிறது.

சுகி

உத்திரமேரூர்,
3 நவம்பர் 2025

கண்ணான தங்கைக்கு,

இங்கே அனைவரும் சுகம். தானியேல் குப்புற விழுந்து தலையைத் தூக்குகிறான். உன் அண்ணிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "போய்ட்டு வந்து சொல்லு, அப்பால சோறு போடறேன்" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஏகாம்பரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிவிடலாமா என்றும் நினைத்தேன். அவர் மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், தோளில் தவிடு. அவர் மனைவி அம்முலு அக்கா தண்ணீர் கொடுத்தார். உட்காரச் சொன்னார்கள். படத்தை அப்படியே போட்டுவிட்டேன்.

பதினொரு விநாடிதான். அண்டா வருகிறது, வளையம் காலில் ஏறுகிறது, அவர் விழுகிறார். முடிந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை. "இன்னொரு வாட்டி போடு" என்றார். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். நாலாவது முறை விரலை நீட்டி வயரைத் திரையில் தொட்டுப் பார்த்தார். அது என் வயர், நான்தான் வெட்டினேன் என்று அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னேன். அவர் காலைத் தொடப் போனேன், காலை இழுத்துக்கொண்டார்.

அம்முலு அக்கா என் பக்கம் திரும்பாமல் புருஷனிடம்தான் பேசினார். "ஒம்போது வருசமா தெனம் வாய ஊதச் சொல்லி மோந்து பாத்துக்கினு இருந்தேனேய்யா."

அதற்கு ஏகாம்பரம் அண்ணன் சொன்னதைத்தான் மூன்று நாளாக என்னால் விழுங்க முடியவில்லை. குரலை உயர்த்தவே இல்லை. "உடு அம்முலு, நீ இன்னா பண்ணுவ. வயரு இருந்துச்சுன்னு நான்தான் சொன்னேன். படத்துல இல்லன்னு நாலு வாட்டி போட்டுக் காட்னாங்க. அப்பால எனக்கே டவுட்டா பூட்ச்சு."

என்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவரோடும் அம்முலு அக்காவோடும் தென்னேரிக்குப் போகிறேன், மறு வாரம் மாகறலுக்கு. எல்லோரையும் கூட்டி உட்கார வைத்துப் படத்தை நான் போட வேண்டும், யார் வயர் என்று என் வாயால் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன்.

எங்களுக்காக ஜெபம் பண்ணு, சுகி. வீட்டுக்கு வரும்போது உன்னிடம் பேச நிறைய இருக்கிறது.

உன் அண்ணன்,
பெஞ்சமின்